பட்டுப்புடவையும் பத்து மணித் தேர்வும்

மூன்று ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அண்ணனுக்குத் திருமணம். நான் அப்போது ஜெர்மனியில் இயந்திரப் பொறியியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். திருமணத்தன்றே எனக்கு 'இயந்திர அதிர்வு' பாடத்தில் வாய்மொழித் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். மூன்றாவது முறையும் போனால் பெயரை அடித்துவிடுவார்கள், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வீட்டில் எல்லோரும் "வராதே, படி" என்றார்கள். அண்ணன் மட்டும் பட்டென்று போனை வைத்துவிட்டான். அது போதாதா? பேராசிரியரிடம் கெஞ்சி, வீடியோவில் தேர்வு வைத்துக்கொள்ள அனுமதி வாங்கி, விமானம் ஏறிவிட்டேன். அந்த மனிதர் மேல் எனக்குத் தீராத கோபமும் உண்டு. இரண்டு முறையும், "உங்களுக்குப் புத்தகம் தெரிகிறது, இயந்திரம் தெரியவில்லை" என்றே அனுப்பிவைத்தார்.

அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே மதியம் இரண்டரை. தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, மடிக்கணினிப் பையோடு ராஜபாளையம் பேருந்தில் ஏறினேன். அங்கே எங்கள் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகத் தேர்வை முடிக்கலாம் என்று திட்டம். ஊருக்குச் சற்று முன்னால் டயர் வெடித்தது. மணி ஒன்றுதானே என்று நான் சாவகாசமாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஜெர்மனித் தோழியிடமிருந்து, 'இன்னும் அரை மணி நேரம்தான், வாழ்த்துகள்' என்று செய்தி வந்தது. தூக்கிவாரிப் போட்டது. அங்கே கோடை நெருங்கும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். முந்தின நாள்தான் தள்ளியிருக்கிறார்கள். இரண்டு வருடம் அங்கே குப்பை கொட்டியவள், கல்யாணக் கும்மாளத்தில் அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

"பின்னால வண்டி வருது, ஏத்தி விடுதேன். செத்த நேரம் பொறும்மா" என்றார் நடத்துநர். அந்தச் செத்த நேரம்தான் என்னிடம் இல்லை.

சாலையோரத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடம் ஒன்று இருந்தது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே ஓடினேன். தறிச் சத்தம் காதை அடைத்தது. மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் கத்திக் கத்தி விஷயத்தைச் சொன்னேன்.

"கல்யாணப் பொண்ணுதான் ஓடி வந்துட்டாளோன்னு பயந்துட்டேன்" என்றவர், "பரிச்சை எம்புட்டு நேரம்?" என்று கேட்டார்.

"இருபது நிமிசம்க்கா."

"எல்லாத் தறியையும் நிப்பாட்டுங்க. பொறவு பாத்துக்கிடலாம்!"

எட்டுத் தறிகளும் நின்றன. தறி நின்றால் அவர்களுக்குக் கூலி இல்லை. ஆனாலும் ஒருவர் முகம் சுளிக்கவில்லை. நூல் பெட்டிகளை அடுக்கி மேசையாக்கிக் கொடுத்தார்கள். போனிலிருந்து இணையத்தை எடுத்து, சரியாக ஒன்றரைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

தலை நிறைய மல்லிகைப் பூவோடு தெரிந்த என்னைப் பார்த்துப் பேராசிரியர் விழித்தார். முதல் இரண்டு கேள்விகளுக்கு வழக்கம்போல் சூத்திரத்தை ஒப்பித்தேன். வழக்கம்போல் அவர் முகம் தொங்கியது. தொலைந்தோம் என்று நினைத்தேன். திடீரென்று, என் பின்னால் இருப்பது என்ன இயந்திரம் என்று கேட்டார். சொன்னேன். அதை ஓட்டிக் காட்ட முடியுமா என்றார்.

"அக்கா, ஒரு தறியை மட்டும் ஓட்டுங்க!"

"நிப்பாட்டுங்க, ஓட்டுங்கன்னு… ஒனக்கென்ன கிறுக்காட்டி?" என்று சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார்.

தறி தடதடத்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். தறியின் மூன்று கால்களுக்கு அடியில் பழைய டயர்த் துண்டுகள். நான்காவது காலுக்கு வைத்தது நழுவி ஓரமாகக் கிடந்தது. அந்த மூலை மட்டும் துள்ளியது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ரப்பர் எப்படி அதிர்வை வாங்கிக்கொள்கிறது, எந்த வேகத்தில் ஆட்டம் கூடும், அதனால் எது முதலில் உடையும் என்று தொண்டை கிழியச் சொன்னேன். அவரும் விடவில்லை, கேள்வி மேல் கேள்வி. இருபது நிமிடம் முப்பத்தைந்து ஆனது. அன்று அவர் போட்டது நான் அங்கே வாங்கியதிலேயே உயர்ந்த மதிப்பெண்!

நான் குதித்த குதியைப் பார்த்து அக்கா கேட்டார், "பாசா?"

"பாசுக்கா!"

"அப்ப அம்புட்டு நேரம் பேசுனியே, அந்த ரப்பரை வச்சுட்டுப் போ."

பட்டுப்புடவையோடு மண்டியிட்டேன். இரண்டு பேர் கடப்பாரையால் காலை நெம்ப, நான் ரப்பரைத் தள்ளினேன். மறுபடி ஓட்டியபோது துள்ளல் அடங்கியிருந்தது. கூடமே கைதட்டியது.

இன்று இயந்திரங்களின் ஆட்டத்தை அடக்குவதுதான் என் தொழில். சுவரில் மாட்டியிருக்கும் பட்டத்தில் என் பெயர் மட்டுமே இருந்தாலும், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்காக நின்ற எட்டுத் தறிகளும், எனக்காக ஓடிய ஒரு தறியும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன.