கடைசி அடி

மொன்றியலில் ஒரு கிரேக்க உணவகம், ஞாயிறு மதியம். எழுபது வயதுப் பாடகி ஒருவர் மேசைகளுக்கு நடுவே நின்று தன் தீவின் நாட்டுப்பாடலைப் பாடுகிறார். நான் சமையலறையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே மீன் சுடும் யாழ்ப்பாணத்துக்காரரும் கூடவே முணுமுணுக்கிறார். திடீரென்று பாட்டு நிற்கிறது. வாத்தியம் மட்டும் தனியாக ஓடி முடிகிறது.

“மறந்துட்டாங்களா அண்ணா?”

“இல்லைத் தம்பி. கப்பலில போனவன் திரும்பிவந்து வீட்டுக் கதவைத் தட்டுற, பாட்டின்ர கடைசி அடி அது. இருபது வயசில இஞ்ச வந்தவ. கலியாணம், கோயில் மண்டபம் எண்டு ஐம்பது வருசமாப் பாடுறா. அந்த அடியை மட்டும் ஊரில போய்ப் பாடவெண்டு மிச்சம் வைச்சிருந்தவ.”

“போனாங்களா?”

“ஓம், போன கோடைக்கு. அங்க கடற்கரையில நிண்டு பாட்டைத் துவங்க, இந்தக் கடைதான் கண்ணுக்குள்ள வந்ததாம். பாடாமலே வந்திட்டா.”

அவர் மீனைத் திருப்பிப் போடுகிறார்.

“நீங்க ஊருக்குப் போனீங்களா?”

“அதுக்கென்ன, பேந்து ஒருநாள் போவம்,” என்கிறார், என்னைப் பார்க்காமல்.

மீன் கருகும் வாசம் வந்த பிறகுதான் அவர் கை மறுபடி அசைகிறது.