பொட்டு வைத்த பம்பர்

பொடி உருகும் வாசனையை எப்படிச் சொல்வது? கருகல் வாசனையும் இல்லை, பெயிண்ட் வாசனையும் இல்லை. புது பிளாஸ்டிக் வாளியை உச்சிவெயிலில் மறந்து வைத்துவிட்டால் ஒன்று வருமே, கிட்டத்தட்ட அது. வாளையாரில், செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா போட்ட தகரக் கொட்டகையில் அந்த வாசனை முதன்முதலாகக் கிளம்பியபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொன்னார்கள். நானா கேட்பேன், இன்னும் கிட்டப் போய் நன்றாக இழுத்துப் பார்த்தேன்.

அதுவரை அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், "வடக்கு லைன்". போனால் எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. திரும்பி வந்தால் நான் வெட்கப்பட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். இப்படியே போனால் பெற்ற பெண்ணுக்கே அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ, கோயமுத்தூர்ப் பட்டறை ஒன்றில், பெயிண்டுக்குப் பதிலாக இரும்பில் பொடியை ஊதிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கிற "பவுடர் கோட்டிங்" கற்றுக்கொண்டு வந்து, செங்கல்லும் தகரமும் வைத்து ஆள் உயரத்துக்கு ஒரு கரண்ட் அடுப்பைக் கட்டிவிட்டார். லாரி முதலாளி மட்டும் விடவில்லை. "மொதல் வேலைய முடிச்சுப் பாரு. சரிப்படலீன்னா வெள்ளிக்கெழம லோடு கெளம்புது, வந்து ஏறிக்க" என்று சொல்லி அப்பாவின் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார். முதல் வேலை கெட்டால் அப்பா மறுபடியும் வடக்கே போய்விடுவார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் நன்றாகத் தெரியும்.

அந்த முதல் வேலை ஒரு ஜீப் பம்பர். பீர்மேட்டு மலையில் ஜீப் ஓட்டுகிற ஒருவர், எங்கள் ஊரில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு வந்தவர், அதைக் கழற்றிக்கொண்டு வந்து போட்டார். "அண்ணாச்சி, எங்க மழைக்கு எந்தப் பெயிண்டும் நிக்க மாட்டேங்கு. வருசா வருசம் துரு பொரிஞ்சிருது. ஒங்க பொடியாவது நிக்குமா?" என்றார். "நிக்குமுங்க" என்றார் அப்பா, பாதித் தைரியத்தில்.

துருவையும் பழைய பெயிண்டையும் உரித்து, வெறும் இரும்பு வெளுப்பாகத் தெரியும்வரை தேய்த்து, தின்னர் போட்டுத் துடைத்துத் தொங்கவிட்டபின், "இனி யாரும் இதைத் தொடப்படாது, வெரல் பட்டாக்கூடப் பொடி புடிக்காது" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி உத்தரவு போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். உத்தரவு போட்டால் ஆயிற்றா? லாரி கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் போனவர் பத்திரமாக வீடு வந்து சேரவேண்டும் என்று அம்மா அதன் பம்பரில் இரண்டு முனையிலும் நடுவிலும் பொட்டு வைப்பாள். வெறும் குங்குமம் இரும்பில் உதிர்ந்துவிடும் என்பதால் விளக்கெண்ணெயில் குழைத்து வைப்பாள். பழகிய கை சும்மா இருக்கவில்லை. இந்தப் பம்பரிலும் வைத்துக் கும்பிட்டுவிட்டாள். பிறகுதான் உத்தரவு ஞாபகம் வந்து, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "தொடச்சாச்சு அம்மிணி, ஒண்ணும் ஆவாது" என்று என்னிடம் சொன்னாள். நானும் குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து நடந்ததைத்தான் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அப்பா துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துக் கறுப்புப் பொடியை ஊதினார். தண்ணீர் இல்லை, பசை இல்லை; முன்பக்கம் ஊதிய பொடி காற்றில் வளைந்து போய்ப் பம்பரின் முதுகிலும் ஒட்டிக்கொள்கிறது! "எப்படிப்பா பின்னால போச்சு?" என்றேன். "கரண்டு இழுக்குது அம்மிணி" என்றார். "கரண்டுக்கு முதுகு எங்க இருக்குதுன்னு எப்படித் தெரியும்?" "தள்ளி நில்லு அம்மிணி" என்று சொல்லிவிட்டு அப்பா அடுத்த முனையை ஊதப் போனார்.

அடுப்பைத் திறந்தபோது பொடியெல்லாம் உருகி, பம்பர் கறுகறுவென்று மின்னியது. இரண்டு முனையிலும் நடுவிலும் மட்டும் அம்மை போட்டதுபோல் கொப்புளம். அப்பா துப்பாக்கியைத் திட்டினார், பொடியைத் திட்டினார், அடுப்பைத் திட்டினார், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இது நம்மளுக்கு ஒத்து வராது. முதலாளிக்குப் போனைப் போடறேன். வெள்ளிக்கெழம ஏறிக்கறேன்." எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் என் வாய் என் வாயல்லவா, அழுகையோடு அழுகையாகக் கேட்டுவிட்டேன்: "துப்பாக்கி கெட்டுப்போச்சுன்னா எல்லாப் பக்கமும் வந்திருக்கோணுமல்லப்பா? ஏன் மூணே எடத்துல வந்துச்சு?"

அப்பா போனைக் கீழே வைத்துவிட்டுப் பம்பரைப் பார்த்தார். கொட்டகை வாசலில் நின்ற அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "நாந்தானுங்க. எண்ணெயில கொழச்சுப் பொட்டு வெச்சேன். நீங்க மறுக்கா லாரி ஏறிரப்படாதுன்னுதானுங்க வெச்சேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். அப்பா பயங்கரமாகச் சிரித்தார். "நல்லா வெச்ச போ! ஊட்டுக்கு வரோணும்னு வெக்கற பொட்டு, என்னைய ஊட்டை உட்டே தொரத்தப் பாத்துச்சே!"

மறுபடி உரித்து, தேய்த்து, துடைத்து, ஊதி, சுட்டு எடுத்தார். இந்தத் தடவை கொப்புளம் இல்லை. ஆறியபிறகு அப்பாவே அம்மாவைக் கூப்பிட்டுப் பொட்டு வைக்கச் சொன்னார். பீர்மேட்டுக்காரர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார், "இது நிக்கும் அண்ணாச்சி" என்றார்.

இப்போது வருகிற கார்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பம்பர்தான். எங்கள் கொட்டகைக்குக் கேட்டுக் கதவும் ஜன்னல் கம்பியும் வருகின்றன, இரும்புப் பம்பர் எப்போதாவது வந்தால் உண்டு. காணாமல் போனது இன்னொன்றும் இருக்கிறது. லாரி ஓட்டிய காலத்தில் அப்பா வந்துவிட்டால் அவருக்கு மட்டும் தலைவாழை இலை போட்டுப் பரிமாறுவாள் அம்மா, எங்களுக்கெல்லாம் தட்டு. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், லாரி அவரை விட்டுவிட்டுச் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போனபிறகு, அவர் முன்னாலும் ஒரு தட்டை வைத்தாள். கறிக்குழம்பு வைக்கிற நாளில் அப்பா இன்னமும் கேட்டுப் பார்க்கிறார்: "ஏம் புள்ள, எனக்கு ஒரு எலை போட்டாத்தான் என்ன?"

"எலையெல்லாம் விருந்தாளிக்குங்க" என்கிறாள் அம்மா, தட்டில் சோற்றைப் போட்டபடி.