ஜீப் வருது, பிள்ளைகள உள்ள போடு

நான் வேலை பார்க்கும் ரொட்டிக் கடையில் என்னோடு வேலை செய்யும் மேகனுக்கு வயது பதினாறு. ரொட்டி வெட்டும் மெஷினை அவள் கழுவக் கூடாது. பதினெட்டு ஆகாத பிள்ளைகள் தொடக் கூடாதென்று சுவரில் ஒட்டியே வைத்திருக்கிறார்கள். பிரேக் நேரம் வந்தால் போட்டது போட்டபடி அவள் உட்கார்ந்தாக வேண்டும். உட்காராவிட்டால் திட்டு எனக்குத்தான். இங்கிலாந்து வந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வளர்ந்த பெண் காலாட்டிக்கொண்டு சிப்ஸ் தின்கிறாள், இடுப்பு வலியோடு நான் மெஷின் கழுவுகிறேன்.

போன வருஷம் கவுன்சிலிலிருந்து ஓர் அம்மாள் கழுத்தில் அட்டை தொங்க வந்தார். வயது குறைந்த வேலையாட்களைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதுதான் தாமதம், மேகனை இழுத்துக்கொண்டு போய் மாவு மூட்டை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன். யோசித்துச் செய்ததல்ல. கை தானாகச் செய்தது. உள்ளேயிருந்து மேகன் தட்ட, அந்த அம்மாள் கதவைத் திறந்தார்.

"இந்தப் பெண்ணை ஏன் அடைத்தீர்கள்?"

"காப்பாற்றத்தான்."

"யாரிடமிருந்து?"

"உங்களிடமிருந்து" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான்தான் மேகனைக் கொடுமைப்படுத்துகிறேன் என்று நினைத்து, அவளைத் தனியே உட்காரவைத்து விசாரித்தார். அவளை வேலைக்கு வைத்ததில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் என் தலைக்குள் இருந்தது.

எங்கள் மலை ஊரான பள்ளங்கியில், பதிமூன்று வயதில் நான் பூண்டு சுத்தம் செய்யும் செட்டில், அந்தத் தகரக் கொட்டகையில், வேலைக்கு இருந்தேன். தாளை அறுத்து வேரை நறுக்கி நறுக்கி விரல் எரியும். சோற்றில் வைத்தால் உயிர் போகும். மலையடிவாரத்து வத்தலக்குண்டில் லேபர் ஆபீஸ் ஜீப் டீக்கு நின்றால் போதும், அது மலையேறும் முன்னே முதலாளிக்குப் போன் வந்துவிடும். "ஏலே, ஜீப்பு வருது, பிள்ளைகள வெரசா உள்ள போடு" என்பார். சாக்குகளுக்குப் பின்னால் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்போம். ஒருமுறை ஆபீசரின் செருப்புச் சத்தம் கதவு வரைக்கும் வந்தது. திற, திற என்று மனதுக்குள் கத்தினேன். அவர் டீ குடித்துவிட்டு, கொடுத்த பூண்டை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அதோடு என் படிப்பும் போனது. அந்த மனிதரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரொட்டிக் கடைக் கூத்தைத் தம்பியிடம் போனில் சொன்னேன். இப்போது பூண்டு செட் வைத்திருப்பவன் அவன்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"இங்கயும் அதே சோலிதான்க்கா. போன வாரங்கூட ஜீப்பு வந்துச்சு. உம் மருமகளும் உள்ளதான் கெடந்தா. மூச்சுக் காட்டலயே! உன்னைய மாதிரியே கெட்டிக்காரி."

அவன் மகள் கயலுக்கும் பதிமூன்றுதான். அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"பள்ளிக்கூடம் போகலயாடி?"

"பூண்டு முடியவும் போலாம்னு அப்பா சொல்லுதாரு. அத்தை, அங்க ஆபீசருங்க கதவத் தெறந்து பாப்பாங்களா?"

"பாப்பாங்கடி."

"இங்க பாக்க மாட்டேங்காக" என்றாள்.

தம்பியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் நானே ஆபீசுக்குப் போன் போடுவேன், டீ குடிக்காத ஆளாகத் தேடிப் போடுவேன் என்றேன்.

"கூடப் பொறந்தவனையா காட்டிக் குடுப்ப? நீ வெள்ளைக்காரியாவே மாறிட்டக்கா."

கயல் பள்ளிக்கூடம் போகிறாளாம், தம்பியின் பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னாள். தம்பி என்னோடு பேசுவதில்லை. கடையில் மேகனும் நானும் தனியாக இருக்க வேண்டாமென்று மேனேஜர் வேலை நேரத்தை மாற்றிவிட்டார். இந்தக் கோடைக்கு ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். பள்ளங்கியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, பெட்டியை யார் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பேன் என்றுதான் தெரியவில்லை.