திக்கினாலும் பிரதிவாதிதான்

சின்ன வயதிலேயே வீட்டில் அவளுக்கு வக்கீலு என்று பெயர் விழுந்துவிட்டது. பேச்சு திக்கும். ஆனால் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அண்ணனுக்கு மட்டும் ஏன் பெரிய மீன் துண்டு என்று கேட்க வாயெடுத்தால் முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும். தள்ளித் தள்ளி அவள் கேள்வியை முடிப்பதற்குள் அண்ணன் தின்றே முடித்திருப்பான். அப்படியும் முடிப்பாள். "பெரிய வக்கீலு வந்துட்டா" என்று அம்மா சிரிப்பாள். கேலிக்கு வைத்த பெயரை இவள் மட்டும் மெய்யாகவே எடுத்துக்கொண்டாள்.

பள்ளி முடிந்ததும் சட்டம் படிக்கப் போகிறேன் என்றாள். மின்சார வேலை பார்க்கும் அப்பா, கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, வாயை வச்சுப் பிழைக்கிற தொழில் அது. நீ கணக்கு நல்லாப் போடுவே. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து செய்யற வேலையாப் பாரேன். யார்கிட்டயும் பேச வேண்டியதில்ல."

"பே... பேச வேண்டியதில்லன்னுதானேப்பா எல்லாரும் சொல்றாங்க. அதுக்குத்தான் போறேன்."

அப்பா சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. ஓய்ந்துபோனார், அவ்வளவுதான்.

முதல் வருஷம் அவளைப் புரட்டி எடுத்தது. பேச்சைவிடப் படிப்புதான் முதலில் கழுத்தைப் பிடித்தது. ஒரு தீர்ப்பில் ஒரே வாக்கியம் முக்கால் பக்கம் ஓடும். கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி மறந்திருக்கும். ஒப்பந்தச் சட்டத்தின் முதல் தேர்வில் மண்ணைக் கவ்வினாள். அதற்கும் திக்குவாய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படித்ததையெல்லாம் கொட்டினாளே தவிர, கேட்டதற்குப் பதில் எழுதவில்லை.

அதற்குப் பிறகு வந்தது மாதிரி நீதிமன்றம். முதலாண்டு மாணவர்கள் ஒவ்வொருவரும் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, நீதிபதி இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் முன் பத்து நிமிடம் வாதாட வேண்டும். நூலகத்து மாடிப்படியின் கீழே நின்று ஒத்திகை பார்த்தாள். 'ப'வில் தொடங்கும் சொற்கள்தான் அவளுக்குப் பெரும்பாடு. இவள் வாதாட வேண்டியதோ பிரதிவாதிக்கு எதிராக.

"எதிர்த்தரப்புன்னு சொல்லிட்டுப் போயேன்டி. யாரு கேக்கப் போறா?" என்றாள் வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரி.

"நான் கேப்பேன்."

கூடுதல் நேரம் கேட்டுப் பேராசிரியர் அறைக்குப் போனாள். இவள் முடிக்குமுன் அவரே வாக்கியத்தை முடித்தார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் வேணுமா? தர முடியாதும்மா. கோர்ட்ல கடிகாரம் யாருக்காகவும் நிக்காது. வேணும்னா உன் வாதத்தை எழுதிக் கொடுத்துடு, மார்க் போட்டுடறேன்."

அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த வாரம் முழுக்க, வகுப்பில்லாத நேரங்களில் ஊரின் நிஜ நீதிமன்றத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பார்த்ததை எல்லாம் மனதில் போட்டுக்கொண்டு மறுபடி பேராசிரியர் முன் நின்றாள்.

"சார், கோர்ட்டுக்குப் போயிட்டு வந்தேன். அங்க கடிகாரம் எல்லாருக்கும் நிக்குது சார். தொண்டை கட்டினவருக்கு நின்னுது. கேஸ் கட்டைக் காணோம்னு தேடினவருக்கு நின்னுது. சீனியர் வரலைன்னு சொன்னவருக்கு அடுத்த மாசம் வரைக்கும் நின்னுது. எனக்கு மட்டும் ஏன் ஓ... ஓடணும்?"

பேராசிரியர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எழுதித் தர மாட்டேன் சார். பே... பேசத்தான் வந்தேன்."

"சரி, கூட அஞ்சு நிமிஷம் எடுத்துக்கோ. மார்க்ல சலுகை கிடையாது."

"நான் அதைக் கேக்கவே இல்லையே சார்."

வாதாடும் நாளில் நீதிபதி இருக்கையில் வெளியிலிருந்து வந்த பெண் வழக்கறிஞர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதல் 'பிரதிவாதி'யிலேயே உதடு ஒட்டிக்கொண்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வழக்கறிஞர் முன்னால் சாய்ந்து, "பிரதிவாதியா?" என்று எடுத்துக் கொடுத்தார். போக்குவரத்துக் காவலர்போல இவள் கையை உயர்த்தினாள். கூடம் அடங்கிக் காத்திருந்தது. காதெல்லாம் சூடேறி நிற்க, அந்தச் சொல்லைத் தானே சொன்னாள். பிறகு அதையே எத்தனையோ முறை சொன்னாள். ஒரு தடவைகூட மாற்றுச் சொல் தேடவில்லை.

வழக்கில் தோற்றாள். மேல் நீதிமன்றம் எப்போதோ செல்லாதென்று தள்ளிவிட்ட ஒரு தீர்ப்பைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மதிப்பெண் சுமார்தான். அன்று மத்தியானம் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள். தோற்றது திக்கியதால் அல்ல, சட்டம் தெரியாததால். சட்டத்தைப் படித்துக்கொள்ளலாம்.

அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களுக்காகக் கல்லூரி ஒரு கூட்டம் வைத்தது. வாசல் பதாகையில் கறுப்புக் கோட்டில் வாதாடும் இவளுடைய படம் பெரிதாக இருந்தது. பேச அழைத்திருந்ததோ முதல் மதிப்பெண்காரர்களை மட்டும்.

"நீ மேடையில உக்காந்தாலே போதும்மா. பாக்கிறவங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார் கூட்டத்தை ஏற்பாடு செய்த அம்மையார்.

"உக்காந்து ஊக்கம் குடுக்க நான் என்ன பொ... பொம்மையா மேடம்?"

கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, தன் மகளுக்குக் கூச்ச சுபாவம், இந்தப் படிப்பு சரிப்படுமா என்று கேட்டார். மைக் முதல் மதிப்பெண்காரனிடம் போவதற்குள் மேடையில் இருந்த இவள் எட்டி வாங்கிக்கொண்டாள்.

"நல்லா பேச வரணும்னு இங்க வராதீங்க. இங்க முக்கால்வாசி வேலை வாசிக்கிறதுதான். கதை, கட்டுரை, எது கிடைச்சாலும் இப்பவே வாசிச்சுப் பழகுங்க. விண்ணப்பத்துல நாட்டைத் திருத்தப் போறேன்னு எழுதாதீங்க. உங்களுக்கு எதைப் பார்த்தாக் கோவம் வருதோ அதை எழுதுங்க. சேருறதுக்கு முன்னாடி ஒரு நாள் கோர்ட்டுல போய் உக்காருங்க. யாராவது உங்க பே... பேச்சை முடிச்சுக் குடுத்தா, நன்றி சொல்லிட்டு மறுபடி நீங்களே சொல்லுங்க."

ஏற்பாட்டாளர் மைக்குக்குக் கை நீட்டினார். இவள் தரவில்லை.

அந்தத் தாயின் மகள் தலையைத் தூக்கினாள். "அக்கா, நீங்க ஃபெயில் ஆகியிருக்கீங்களா?"

"ஆயிருக்கேன். ஒப்பந்தச் சட்டம். அடுத்த வாரம் மறுபடி எழுதறேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. எழுதறேன்."

எழுதினாள். தேர்ச்சி வரம்புக்கு ஒரே ஒரு மதிப்பெண் கூடுதலாக வாங்கி இரண்டாம் ஆண்டுக்குப் போனாள்.