பென்சிலில் எழுதிய ஹிட்

பேஸ்போல் விளையாடப் போகிறேன் என்று என் கணவர் சொன்ன அன்று, நான் விழுந்து விழுந்து சிரித்ததில் அடுப்பில் கிடந்த தேங்காய்ப்பால் சொதி திரைந்துபோய்விட்டது. ஐம்பத்திரண்டு வயது மனுசன். டண்டினொங்கில் அவர் வேலை செய்யும் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வெள்ளைக்காரர் ஒருவர்தான் அந்த ரீமின் கப்டன். ஞாயிற்றுக்கிழமைக் குளிர்காலப் போட்டி, அதிலும் ஆகக் கடைசிப் பிரிவு. ஆள் போதவில்லை என்று இவரைக் கேட்டிருக்கிறார்.

"கிரிக்கெட்டும் இதுவும் ஒண்டுதானேயப்பா. அடிச்சுப்போட்டு ஓடுறதுதானே," என்றார் இவர்.

இரண்டும் ஒன்று இல்லை என்பது முதல் மட்சிலேயே தெரிந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் இவர் தொடக்க ஆட்டக்காரர். விடவேண்டிய பந்தை விடுவதில் கெட்டிக்காரர் என்று பெயர். அந்தப் பழக்கத்தில், சற்று வெளியே வந்த பந்துக்கு மட்டையை உயரத் தூக்கி, அழகாக விட்டார். நடுவர் கையைத் தூக்கினார். அடுத்ததையும் விட்டார். மூன்றாவதையும் விட்டார். கிரிக்கெட்டில் விடவேண்டிய அந்தப் பந்து பேஸ்போலில் நல்ல பந்தாம்; அப்படி மூன்றை விட்டால் வெளியே போக வேண்டும். பிறகொருநாள் பந்தில் எப்படியோ மட்டை பட்டது. மனுசன் மட்டையையும் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார், தொடவேண்டிய முதலாம் பேஸுக்குப் போய்ச்சேர முதல் அவுட். மட்டையைப் போட்டுவிட்டு ஓடவேண்டும் என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம்.

இவரை மட்டும் சொல்லி என்ன? ரீம் முழுக்க அப்படித்தான். பந்தை நன்றாக எறிவார்கள், நன்றாகப் பிடிப்பார்கள், அடிக்க மட்டும் மாட்டார்கள். மட்டையோடு போவார்கள், மட்டையோடு திரும்பி வருவார்கள். பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும். மைதானத்தோர மர வாங்கில் கம்பளிக்குள் சுருண்டிருந்துகொண்டு, "அடியுங்கோடா! என்னத்துக்குப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று கத்துவேன். ஒரு மாதத்துக்குள் கப்டனும் "அடி! அடி!" என்று தமிழிலேயே கத்தப் பழகிவிட்டார். அடிக்கத்தான் பழகவில்லை.

சும்மா இருந்து கத்துகிறவளுக்கு வேலை கொடுப்போம் என்று ஸ்கோர் புத்தகத்தை என்னிடம் தந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பெட்டி. அடித்துப்போட்டு அவுட்டாகாமல் பேஸுக்குப் போய்ச்சேர்ந்தால் ஹிட், அடிக்காமல் வெளியே போனால் 'கே' என்று எழுத வேண்டும். எங்கள் பக்கம் முழுக்கக் கேதான். ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு விசயம் எனக்கு நன்றாகப் பிடித்தது. சாதாரண ஆள் பிடிக்கக்கூடிய பந்தை எதிராளி தவறவிட்டு, அதனால் அடித்தவர் தப்பினால், அது ஹிட் இல்லை. அது பிடிக்காதவரின் பிழை, அதற்கு 'ஈ'. எது ஹிட், எது பிழை என்று தீர்மானிப்பது நடுவர் இல்லை, புத்தகம் வைத்திருக்கிற ஆள். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். மாத்திரை ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விடமாட்டேன். ஒருமுறை கப்டன் தன் ஈயை ஹிட் ஆக்கச்சொல்லிக் கெஞ்சினார். முடியாது என்றேன். இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இதற்கிடையில் இவருடைய வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. ஸ்பிரிங்வேலில் டொக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, விளையாட்டை நிற்பாட்டாவிட்டால் ஒப்பரேசன்தான் என்றார். வீட்டுக்கு வந்து கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தவர், "ஒரே ஒரு ஹிட். அடிச்சுப்போட்டு விட்டுடுறன்," என்றார்.

"சத்தியமா?"

"ஓம், சத்தியமா."

அதற்குப் பிறகு நான் கத்தின கத்தல் வேறு. இந்த மனுசன் ஒன்று அடித்தால் போதும், முழங்கால் தப்பிவிடும். ஞாயிறு ஞாயிறாகப் போனது, ஹிட் வரவில்லை. வந்தது கடைசி மட்ச்.

வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருந்தோம். கடைசி முறை இவர் மட்டையோடு போகும்போதே நொண்டினார். முதல் பந்தை விட்டார். "விடாதேங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் நடுவரே திரும்பிப் பார்த்தார். இரண்டாவது பந்தை அடித்தார். அது உருண்டு உருண்டு மூன்றாம் பேஸில் நின்றவரின் கையுறைக்குள் நேரே போனது. போய், வெளியே விழுந்தது. அவர் குனிந்து தடவுவதற்குள், மட்டையை மறக்காமல் போட்டுவிட்டு இவர் ஓடினார். ஐயோ, அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஓடினதை எப்படிச் சொல்ல! போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் ஆட்கள் எழும்பி நின்று கத்தினார்கள். அடுத்தவர் வழக்கம்போல அவுட்டாக, மட்ச் முடிந்தது.

பென்சில் என் கையில் இருந்தது. பச்சைக் குழந்தைகூடப் பிடித்திருக்கும் அந்தப் பந்தை. வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஈ போட்டிருப்பேன். முழங்காலை நினைத்தேன். ஹிட் என்று எழுதினேன்.

காருக்குள் வந்து ஏறியவர் சாவியைப் போடவில்லை. என் மடியில் இருந்த புத்தகத்தை எடுத்துத் தன் பெட்டியைத் தேடிப் பார்த்தார்.

"இது என்னப்பா?"

"ஹிட்."

"அவன்ரை கையுக்குள்ளை விழுந்த பந்து."

"புத்தகம் என்னட்டைத்தானே இருக்கு? நான் சொன்னால் ஹிட்தான்."

அவர் புத்தகத்தைத் திரும்ப என் மடியில் வைத்தார். பிறகு, "நீர் ஒருத்தருக்காகவும் பொய் எழுதமாட்டீர் எண்டுதான் இவ்வளவு கேயையும் பொறுத்துக்கொண்டு விளையாடினனான்," என்றார். "அதை அழியும்."

"அழிச்சால் உங்கடை கால்?"

"கால் என்ரை கால். நீர் அழியும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை என்றுதான் அவரிடம் சொன்னேன். ரப்பரால் தேய்த்து அழித்து, ஈ என்று எழுதி, அவருடைய முகத்துக்கு நேரே நீட்டினேன். திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுக் காரை எடுத்தார்.

இன்றுவரை அவரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை அழிக்கும்போது, இந்த மனுசனின் முழங்காலைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட எனக்கு, உள்ளுக்குள் வெட்கமில்லாத சந்தோசம். ஒரு ஹிட் அடித்திருந்தால் அவர் நிற்பாட்டியிருப்பார். அந்தக் குளிரில், அந்த வாங்கில், பிளாஸ்க் தேத்தண்ணியோடு இருந்து அவரைப் பார்த்துக் கத்துகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கும் இல்லாமல் போயிருக்கும்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, "அடுத்த வருசமும் நீர்தானே எழுதுவீர்?" என்று கேட்டார்.

"முதல்ல காலுக்கு ஐஸ் வையுங்கோ," என்றேன்.