மூலிகைதானே என்று விழுங்கியது

மும்பை தாராவியில் என் மளிகைக் கடைக்கு வருகிறவர்களிடம், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கச் சொல்வது என் வழக்கம். அப்படிப்பட்ட நான், நாற்பத்தெட்டாவது வயதில், பின்பக்கத்தில் குதிரைப் படம் மட்டுமே இருந்த ஒரு டப்பாவை வாங்கினேன்.

வாங்கச் சொன்னவர் என் மனைவியின் அண்ணன். சான்பாடாவில் இருக்கிறார். கடையில் நான் கொட்டாவி விடுவதை இரண்டு முறை பார்த்திருந்தார். அதுவே அவருக்குப் போதும்.

"மாப்ள, ஒமக்கு ஆம்பள ஹார்மோன் கொறஞ்சு போச்சு. எங்க ஜிம்முல ஒருத்தன் மூலிகை கேப்சூல் விக்கான். நான் மூணு மாசமா திங்கேன், பாரும்" என்று கையை மடக்கிக் காட்டினார். சட்டைக்குள் ஏதோ அசைந்த மாதிரிதான் இருந்தது.

"பக்கவிளைவு?"

"மூலிகைக்கு ஏதுவே பக்கவிளைவு!"

ஒரு நாளைக்கு இரண்டு என்றார். சீக்கிரம் வேலை செய்யட்டும் என்று நான் நான்கு போட்டேன். முதல் வாரம் நிஜமாகவே தெம்பாக இருந்தது. அரிசி மூட்டையை நானே தூக்கினேன். மனைவி பார்க்கிறாளா என்றும் பார்த்துக்கொண்டேன். ஐந்தாவது வாரம் சோறு பிடிக்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு. மருந்து உள்ளே வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் காலையில் காபியோடு வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, கண்ணு ரெண்டும் மஞ்சளாக் கெடக்கு?"

அன்றே செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர்.

"ஏதாவது மருந்து எடுத்துக்கறேளா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

மனைவி கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதைப் பருப்பு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அது மருந்தில்ல டாக்டர், மூலிகை."

"உங்க லிவருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. சில மூலிகையே லிவரைக் கெடுக்கும். இதுல ஸ்டீராய்டு ஏதாவது கலந்திருந்தாலும் டப்பாவைப் பாத்து நமக்குத் தெரியப்போறதில்லை. அது சரி, ஹார்மோன் கம்மின்னு யார் டெஸ்ட் பண்ணினா?"

"மச்சான் சொன்னாரு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மனைவி சன்னலைப் பார்த்தாள்.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மஞ்சள் முழுதாக இறங்க இரண்டு மாதமானது. அப்புறம் எடுத்த பரிசோதனையில் ஹார்மோன் சரியாகவே இருந்தது. தினமும் நாலு மணிக்கு எழுந்து மொத்தச் சந்தைக்குப் போகிறவனுக்கு மதியம் கொட்டாவி வராமல் வேறென்ன வரும்?

மச்சானையும் ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனேன். அவருக்கும் லிவர் கெடத் தொடங்கியிருந்தது. பயந்துபோய் அன்றோடு நிறுத்திவிட்டார். ஆனால் கேட்பவர்களிடம் அவர் சொல்லும் காரணம் வேறு.

"எனக்கு ஹார்மோன் தேவைக்கு மேலயே ஏறிட்டு. அதான் விட்டுட்டேன்."