வெள்ளை நாயும் எவர்சில்வர் தட்டும்

என்னைப் பார்த்து எந்தத் திருடனும் பயப்படமாட்டான் என்று வீட்டில் முடிவானதால், எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் இடத்துக்கு நாய் வாங்கப் போனேன். தெருவில் கைவிடப்பட்ட நாய்களுக்கு வைத்தியம் பார்த்து, கேட்டு வருபவர்களிடம் வளர்க்கக் கொடுக்கும் கொட்டகை அது. அங்கே இருந்த கம்பவுண்டர் ஒல்லியானவர். காதில் பென்சில் செருகியிருந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை.

உண்ணி பிடுங்கி, குடற்புழு மருந்து புகட்டி, வெறிநோய்த் தடுப்பூசி போட்ட பிறகு, ஒவ்வொரு நாயின் பின்னாலும் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவார். எங்கள் ஊர் வெள்ளை நாய்களில் சில பிறவிச் செவிடு. அது தெரிந்ததும் வளர்த்தவர்களே தெருவில் விட்டுவிடுவார்கள்.

ஒரு வெள்ளை நாயின் பின்னால் தட்டு விழுந்தது. நான் துள்ளிக் குதித்தேன். வெள்ளை நாய் அசையவில்லை.

“உங்களுக்குக் காது நல்லாருக்கு சார்,” என்றார்.

“செவிட்டு நாயை யாருண்ணே காவலுக்குக் கேப்பாக? இதுக்கு எதுக்கு ஊசி?”

“யாராச்சும் வந்து கேட்டா தயாரா இருக்கணும்ல.”

வெள்ளை என் கையை நக்கியது. நான் காது கேட்கும் செவலை நாய் ஒன்றைக் கூட்டி வந்தேன். அந்நியரைக் கண்டால் அது என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். வீட்டில் இப்போது இரண்டு பேர் அப்படி.

மறு வருஷ ஊசிக்குச் செவலையோடு போனபோது, வெள்ளை அதே இடத்தில் கிடந்தது. அவர் அதற்கும் ஊசி போட்டார். பின்னால் போய்த் தட்டைப் போட்டார்.

“செவிடுன்னு தெரிஞ்சதுதானண்ணே?”

“தெரியும்,” என்று தட்டைத் துடைத்தார். பிறகு இன்னொரு முறை போட்டார்.

திரும்பிப் பார்த்தது நானும் செவலையும்தான்.